விழுவதற்கு ஓர் இடம்

ஷிராணி விழுந்து முப்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, மூன்றாம் நம்பர் மலை, மேல் கான். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் அந்தக் கானில் பாசி வழுக்கி, இடது கால் மடங்கி விழுந்தாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் பத்துக் காம்பராவிலும் இந்தச் செய்தியில் ஒரு சொல் பிசகு கிடையாது.

அவள் விழவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் காம்பரா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்காலில் கிரேப் பேண்டேஜ். மாமியார் ஐவி பிளேன்டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் ஐவி அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த நாட்களை எண்ணிவிடலாம். அத்தனையும் பேண்டேஜ் கட்டியிருந்த நாட்கள்.

"கால ஆட்டாம இரு. ராத்திரி நானே தைலம் போட்டு விடுறேன்."

"வேணாம் மாமி."

"என்ன வேணாம்? தோளு வலிக்குதும்ப, நான் தோளுக்கு வர்றதுக்குள்ள முதுகும்ப, முதுகுக்கு வந்தா வெரலும்ப. நான் எங்கன்னு போயி தேய்க்கிறது? இப்பத்தான் ஒழுங்கா ஒரு எடத்துல வலிக்குது ஒனக்கு."

ஐவி சிரித்தாள். ஷிராணியும் சிரித்தாள். இந்த மாதிரி இடங்களில் சிரிப்பதற்கு அவள் பழகி நான்கு வருடமாகிறது.

வலி வந்தும் நான்கு வருடம்தான். காலையில் எழும்பும்போது உடம்பு முழுவதையும் யாரோ இரவில் அடித்துப் போட்டது போலிருக்கும். கையை முடக்கினால் நீட்ட முடியாது. ஒருநாள் தோளில், ஒருநாள் இடுப்பில், மழைக்கு முந்தின நாள் எல்லா இடத்திலும். வீட்டில் சண்டை வந்தால் கூடும். புருசன் லியனார்ட் கொழும்பிலிருந்து இரண்டு வாரம் போன் பேசாவிட்டால் கூடும். டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் நல்லவர். நோய்க்கு நீளமான ஒரு பெயர் சொன்னார். நரம்புகள் சின்ன வலியையும் பெரிதாக்கி மூளைக்குச் சொல்லுகின்றன, இது பொய் வலி இல்லை என்றார். அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. பிறகு அவர், "மன அழுத்தத்தைக் கொறைச்சுக்கங்க" என்றார்.

"எங்கங்க ஐயா போயி கொறைக்கிறது?" என்று ஷிராணி கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். டாக்டர் அடுத்த நோயாளியின் துண்டை எடுத்துவிட்டார்.

அந்த நீளமான பெயரைத் தோட்டத்தில் யாரிடம் சொல்வது? வீக்கம் இல்லை, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. லியனார்ட் தோட்டத்தில் பெயர் பதியவில்லை. ஐவி ஓய்வு எடுத்துவிட்டாள். காம்பரா ஷிராணியின் பெயரில்தான் நிற்கிறது. வேலை செய்ய முடியாதவள் என்று ஆகிவிட்டால் பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் கொஞ்ச நாளில் காம்பராவையும் கேட்பார்கள். ஆகவே அவள் நோயின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. வலியை வேறு வழியில் பார்த்துக்கொண்டாள். 

லயத்தில் எல்லோருக்கும் முந்தி எழும்பி, வெந்நீரில் கைகளை அமுக்கி வைத்திருப்பாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்குள் விரல்கள் திறந்துவிடும். இடுப்பைச் சுற்றும் படங்குச் சாக்கை ஒரு சுற்றுக் கூடுதலாக இறுக்கிக் கட்டினால் முதுகு கொஞ்சம் நிற்கும். ஒரு தேயிலைச் செடிக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவாள். பக்தி என்று பெரிதாக இல்லை. செடி முடியும்போது வாக்கியமும் முடிந்துவிடும், அடுத்த செடி வரைக்கும் தாங்கினால் போதும். எதுவும் முடியாமல் போகும்போது நின்று, குனிந்து, காலில் அட்டை தேடுவாள். அட்டைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

"ஊர்ல உள்ள அட்டையெல்லாம் ஒன்னையத்தான் தேடி வருது" என்பாள் அடுத்த நிரையில் கொழுந்தெடுக்கும் காளியாயி. "அப்பிடி என்னடி ருசி ஒன் ரத்தம்?"

"தெரியல. சீனி போட்டு வச்சிருக்கேன்."

பேண்டேஜைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவள் நிஜமாகவே கால் பிசகி விழுந்தாள். பதினைந்து நாள் கட்டுப்போட்டிருந்தாள். அந்தப் பதினைந்து நாளும் கங்காணி அவளுக்கு மேட்டு நிரை கொடுக்கவில்லை. பாதையோரமாக, சரிவில்லாத 'ரோட்டு நிரை' கொடுத்தார். காளியாயி கூடையைத் தூக்கி வந்தாள். ஐவி தண்ணீர் குடத்தைத் தொடவிடவில்லை. கால் வலித்தது. ஆனால் உடம்பின் மற்ற இடங்கள் எல்லாம் அடங்கிக் கிடந்தன. யாரும் சந்தேகப்படாத ஒரு வலி எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு, இனிமேல் முடியவே முடியாது என்கிற வாரங்களில் அவள் அந்தப் பேண்டேஜை எடுத்தாள். அடிக்கடி இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று. எப்போதும் இடது கால். ஒரே அளவாக நொண்டுவதற்கு மறந்துவிடாமல் இருக்க, கட்டுக்குள் குதிகாலுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொள்ளுவாள். நடக்கும்போது குத்தும். இருக்கிற வலியைக் காட்ட இன்னொரு வலி தேவைப்பட்டது.

இந்தத் தடவைதான் இடம் பிசகிவிட்டது.

ஐந்தரை மணிக்கு ஜெயகாந்தன் வந்தான். அவளைவிட வயதில் இளையவன், போன வருடம்தான், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்குக்குக் கீழே கங்காணி ஆனவன். படியில் ஏறாமல் நின்றபடியே பேசினான்.

"அக்கா, நாளைக்கு காலையில பெரட்டுல கண்டாக்கு ஐயா ஒங்கள விசாரிப்பாரு. எங்க விழுந்தீங்க, எப்பிடி விழுந்தீங்கன்னு."

"எதுக்கு தம்பி? நான் ஒண்ணும் கேக்கலயே."

"நீங்க கேக்கலக்கா. வெளிநாட்டுல தேத்தூள் வாங்குறவங்க அடுத்த மாசம் தோட்டத்தப் பாக்க வர்றாங்களாம். வேலையில யாரும் அடிபட்டா காரணம் எழுதி வைக்கணுமாம். காரணம்னா சும்மா இல்ல, ஆள் பேரோட வேணுமாம்."

"என்ன ஆளு?"

"கான் வெட்டுன ஆளு. மூணாம் நம்பர் மேல் கான் பழனியாண்டி மாமாவோடது. போன கெழமதான் வெட்டி முடிச்சதா பேர் போட்டு நாள் சம்பளம் வாங்கியிருக்காரு. வெட்டுன கான்ல பாசி எப்பிடி வந்துச்சுன்னு கண்டாக்கு ஐயா குதிக்கிறாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "பேர வெட்டிருவாங்க போலக்கா. வயசும் ஆயிருச்சுல்ல, சாக்குக் கெடைச்சா விடுவாங்களா?"

ஷிராணி, "நானா கவனமில்லாம விழுந்தேன்னு சொன்னா?" என்றாள்.

"சொன்னாலும் போயி கானப் பாப்பாங்க. பாத்தா பாசி இருக்கும். அதோட காளியாயி அக்கா வேற நேர்ல பாத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு. நீங்க ரெண்டு பொரள் பொரண்டீங்களாம்." போகத் திரும்பியவன் நின்றான். "நெசத்தச் சொல்லுங்கக்கா, அது போதும். அந்தப் பக்கத்து டிவிசன்ல பொய்க் காயம் காட்டி லேசு வேலை கேட்ட பொம்பளைய வேலைய விட்டே நிப்பாட்டிட்டாங்க. ஒங்களுக்கென்ன, நெசமான அடி."

அவன் போன பிறகு ஷிராணி பேண்டேஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளியாயி நேற்று அந்த நேரத்தில் இருபது செடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான்கு வருட வலிக்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. நடக்காத ஒரு விழுதலுக்குச் சாட்சி தானாக வந்து நிற்கிறது.

திங்கட்கிழமை அந்தக் கானைப் பார்த்தபோது அவளுக்குப் பழனியாண்டி ஞாபகம் வரவில்லை. பாசி பச்சைப் பசேலென்று இருந்தது. இங்கே விழுந்தால் நம்புவார்கள் என்று மட்டும்தான் தோன்றியது.

ஆறு மணிக்கு ஐவி கோயிலுக்கு, செபமாலை சொல்லக் கிளம்பிப் போனாள். அவள் வளைவு திரும்புவதற்காகவே காத்திருந்ததுபோல் பழனியாண்டி வந்தார். லயத்தின் கடைசிக் காம்பரா அவருடையது. பெண்டாட்டி இல்லை. மகள் லோஜினி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கையில் ஒரு தைலப் போத்தல் வைத்திருந்தார்.

"கால் எப்பிடி புள்ள?"

"பரவால்ல மாமா. உள்ள வாங்க."

அவர் உட்கார்ந்தார். முதலில் இடது கை சுவரைத் தேடியது. பிறகு மூச்சை நிறுத்தினார். இடுப்பை மடக்காமல், ஒரு பலகையைச் சாய்த்து இறக்குவதுபோல உடம்பை இறக்கினார். தரையைத் தொட்ட பிறகுதான் மூச்சை விட்டார். பார்க்கிறவர்களுக்கு வயதானவர் ஒருவர் உட்காருகிறார். ஷிராணிக்கு அப்படித் தெரியவில்லை. மூச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

"இது மக வாங்கியாந்தது. நல்லாக் கேக்கும். போட்டுப் பாரு."

போத்தலில் பாதி தீர்ந்திருந்தது.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும் புள்ள. அந்தக் கான நான் வெட்டல." அவர் அவள் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மேல் ஓரத்த மட்டும் செதுக்கி விட்டேன். கண்டாக்கு ரோட்டுல பைக்க நிப்பாட்டிப் பாத்தா தெரியிற மட்டுக்கும். உள்ள எறங்கல. என்னாலதான் நீ விழுந்த."

"எறங்க முடியலயா மாமா?"

"ஏன் முடியாது? வெத்தலையப் போட்டுக்கிட்டு ஒக்காந்துட்டேன். சோம்பேறித்தனம்."

சோம்பேறி என்றால் தோட்டம் திட்டும். முடியாதவன் என்றால் வைத்துக்கொள்ளாது. அவளுக்கு அட்டை, அவருக்கு வெற்றிலை.

"எத்தன வருசமா?" என்றாள் ஷிராணி.

"என்னது?"

"இடுப்பு."

பழனியாண்டி திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க ஒக்காந்தீங்க, பாத்தேன்."

பக்கத்துக் காம்பராவில் யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"அஞ்சு வருசம்" என்றார். "குனிஞ்சா கரண்டு அடிச்ச மாதிரி பாதம் வரைக்கும் எறங்கும். முட்டி போட்டுத்தான் வெட்டுவேன். ஆள் வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னுக்கிட்டு வெத்தலப் பைய எடுப்பேன். மூணாம் நம்பர்ல முட்டி போடவும் எடமில்ல, அவ்வளவு சரிவு. லோஜினிக்குத் தெரியாது புள்ள. தெரிஞ்சா புருசன் வீட்டுக்குப் போறேன்னு நிக்கும். அங்க அவளப் பாக்க ஆள் இல்ல."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நாளைக்குக் கேக்கையில கான்ல விழலன்னு சொல்லிரு. படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லு. காலப் பனி, ஈரம்னு."

படிக்கட்டைச் சுத்தம் செய்வது ஆண்டியப்பன். ஷிராணி யோசித்துப் பார்த்தாள். அடிப்பாதை என்றால் அதற்கு ஒரு ஆள். பாலம் என்றால் அதற்கு ஒரு ஆள். இரண்டாம் நம்பர் கானும் பழனியாண்டியுடையதுதான். இத்தனை பெரிய தோட்டத்தில் யாருடையதும் இல்லாத ஒரு முழ இடம் கிடையாது. எங்கே விழுந்தாலும் யாராவது ஒருத்தர் தலைமேல்தான் விழ வேண்டும். அது போக, காளியாயியின் வாயை யார் மூடுவது?

"பாக்குறேன் மாமா" என்றாள்.

எழும்புவதற்கு அவருக்கு உட்கார்ந்ததைவிட நேரம் எடுத்தது. அவள் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். நிமிர்ந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் சிரித்தார்.

"ஒனக்குப் பரவால்ல புள்ள. கட்டு வெளிய தெரியுது, நாலு பேரு கேக்குறாங்க. கட்டு போட்டா ஆறிரும்."

ஷிராணிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவருடைய மடங்காத இடுப்பின் மேல், அந்தப் பாதிப் போத்தலின் மேல், என்னாலதான் விழுந்த என்று அவர் சொன்ன அந்த நேர்மையின் மேல் எல்லாம் கோபம் வந்தது. எனக்கு ஆறாது மாமா, கட்டுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். உலகத்தில் அதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் தைலத்துக்கு நன்றி சொன்னாள்.

புதன்கிழமை காலையில் அவளால் எழும்ப முடியவில்லை. இரவு முழுவதும் யோசித்ததற்கு உடம்பு வட்டியோடு கொடுத்திருந்தது. இடது தோளை அசைக்க முடியவில்லை. விரல்கள் வெந்நீரிலும் திறக்கவில்லை. தாடைகூட வலித்தது. நான்கு வருடத்தில் இவ்வளவு மோசமான காலைகள் அதிகம் இல்லை.

"கொண்டா" என்று ஐவி பேண்டேஜை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து மருமகளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். பாதத்திலிருந்து மேலே, சுருக்கம் விழாமல், சுற்றுச் சுற்றாகக் கட்டினாள். "இறுக்கமா இருக்கா?"

"இல்ல மாமி."

"பொய் சொல்லாத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்."

ஷிராணி மாமியாரின் நரைத்த வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கை இனிமேல் தன்னைத் தொடாது என்று நினைத்தாள். புளியங்கொட்டை அடுப்புத் திட்டில் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இன்றைக்கு நொண்டுவதற்கு அது தேவையில்லை.

பெரட்டுக் களத்தில் பனி இன்னும் தரையில் கிடந்தது. பெண்கள் கூடைகளை முதுகில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கண்டாக்கு பைக்கிலிருந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார்.

"யாரு விழுந்தது?"

காளியாயி முந்திக்கொண்டாள். "இந்தா ஷிராணிதாங்க ஐயா. நான் பக்கத்துலதான் நின்னேன். கான்ல கால் வச்சா பாருங்க, சர்ருனு போயி ரெண்டு பொரள்! எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

"ஒன் நெஞ்ச நான் விசாரிக்கல" என்றார் கண்டாக்கு. சிலர் சிரித்தார்கள். "கான் வெட்டுனது யாரு?"

பழனியாண்டி ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தாங்க."

"வெட்டுனியா?"

"வெட்டுனேங்க."

"வெட்டுன கான்ல பாசி எப்பிடிய்யா வந்துச்சு? ராத்திரியோட ராத்திரியா நட்டு வச்சாங்களா?" மறுபடியும் சிரிப்பு. பழனியாண்டியும் கொஞ்சம் சிரித்தார். அவருக்கு மகனாக இருக்கக்கூடிய வயதுதான் கண்டாக்குக்கு. "நட, போயி பாப்போம். கங்காணி, நீயும் வா. போன எடுத்துக்க, போட்டோ எடுக்கணும். நான் பாக்கையில எறங்கி ஒரு பாகம் வெட்டிக் காட்டட்டும். வெட்டத் தெரியுமா, தெரியாதான்னு பாத்துருவோம்."

பழனியாண்டி மண்வெட்டியை எடுக்கத் திரும்பினார். அது தரையில் கிடந்தது. அதைப் பார்த்தபடி அவர் நின்றார். அவருடைய இடது கை லேசாக விலகிக் காற்றில் எதையோ தேடியதை ஷிராணி பார்த்தாள். பெரட்டுக் களத்தில் சுவர் கிடையாது.

அவள் முன்னால் நடந்தாள். கூடைக் கயிறு தலையில் அழுத்தியது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நெருப்பாக ஓடியது. இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றுதான் வரும் வழியில் நினைத்து வந்தாள். ஒன்று காலைப் பற்றி, மற்றது உடம்பைப் பற்றி. களத்தில் நின்ற முகங்களைப் பார்த்தபோது முதல் வாக்கியத்துக்குப் பிறகு இரண்டாவதை யாரும் கேட்கப்போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்தது. கேட்டாலும் நம்பமாட்டார்கள். நம்புவதற்கு இருந்த ஒரே பொருளை அவளே அவிழ்க்கப்போகிறாள்.

"நீ எங்க வர்ற? கால் சரியில்லாதவ இங்கயே நில்லு" என்றார் கண்டாக்கு. குரலில் இரக்கம் இருந்தது.

"கானப் பாக்கப் போக வேணாங்க ஐயா" என்றாள் ஷிராணி.

"ஏன்?"

காளியாயி வாயைத் திறந்தாள். ஜெயகாந்தன் போனைத் தாழ்த்தினான். பழனியாண்டி மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் மண்வெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விழலிங்க."